வலது ஜாடியின் லாபம்

வலியுல்லா பாயின் வலது கண்ணுக்கு விலை முப்பத்தெட்டாயிரம் ரூபாய். இடது கண்ணுக்கும் அதே விலைதான். புரை ஆப்ரேஷனை இரண்டுக்கும் சேர்த்துச் செய்துகொண்டால் எவ்வளவு குறைப்பீர்கள் என்று பாய் கேட்டார். மயிலாப்பூர் கண் ஆஸ்பத்திரியின் டாக்டர் அனுப்ரியா பேனாவை மூடி வைத்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"பாய், விலையைப் பத்தி அப்புறம் பேசலாம். உங்க மூணு மாச சர்க்கரை பத்துக்கு மேல நிக்குது. எட்டுக்குக் கீழ வந்தாத்தான் நான் கண்ணுல கை வைப்பேன். மாத்திரை தப்பாம போடுங்க. டீயில சர்க்கரை கூடாது. தினமும் முக்கால் மணி நேரம் நடக்கணும்."

"அரை மணின்னு வெச்சுக்கலாமா?"

"முக்கால்."

"சரி, உங்களுக்கும் வேணாம் எனக்கும் வேணாம். நாப்பது நிமிஷம்."

"இது பேரம் பேசற விஷயம் இல்ல பாய். தொண்ணூறு நாள் கழிச்சு ரத்த டெஸ்ட் எடுத்துக்கிட்டு வாங்க. இப்படியே விட்டா ரெண்டு கண்ணும் மங்கிக்கிட்டே போகும்."

பேரம் பேச முடியாத விஷயம் என்று ஒன்று உலகத்தில் இருப்பதை பாய் தன் ஐம்பத்தொன்பது வயதுவரை கேள்விப்பட்டதில்லை. ஒரே விலை என்று பலகை மாட்டிய கடைகளில்கூட அவர் பத்து சதவீதம் குறைத்து வாங்கியவர். எனவே, இந்த அம்மாளுக்கும் பூங்கா வாசலில் ஷூ விற்கிறவனுக்கும் நடுவே ஏதோ ஏற்பாடு இருக்க வேண்டும் என்று முடிவுகட்டிக்கொண்டு ஆட்டோ ஏறினார்.

ஆனாலும் கண் அவருக்கு வெறும் கண் அல்ல. அதுதான் அவர் கடை. தி. நகரில், உஸ்மான் ரோட்டிலிருந்து உள்ளே வளையும் ஒரு சந்தில் அவருடைய மேட்சிங் சென்டர் இருந்தது. புடவையைக் கொண்டுவந்து போட்டால் அதற்கேற்ற ரவிக்கைத் துணி, லைனிங், பட்டன், கொக்கி எல்லாம் எடுத்துத் தரும் கடை. சிவப்பில் மட்டும் நாற்பது சிவப்பு அடுக்கி வைத்திருப்பார். புடவையைப் பிரிக்கும் முன்பே, அதன் ஓரத்தைப் பார்த்து, இரண்டாவது தட்டு, இடமிருந்து ஒன்பதாவது என்று கை நீட்டுவார். அடையாறு, மயிலாப்பூர், கே.கே. நகர் எங்கிருந்தும் பெண்கள் தேடி வந்தது அந்தக் கைக்காகத்தான்.

ஒரு வருடமாக அந்தக் கை தடுமாறியது. அரக்கும் காப்பிக்கொட்டை நிறமும் ஒன்றாகத் தெரிந்தன. கருநீலமும் கறுப்பும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் ஆகிவிட்டன. தட்டு எண்ணை மனப்பாடமாக வைத்துக்கொண்டு பாய் சமாளித்தார். யாருக்கும் தெரியாது என்று நம்பினார். அவர் எடுத்துப் போட்ட துணியைக் கடையில் வேலை செய்யும் ஜெயபாரதி, மடித்துப் பையில் போடும்போது சத்தமில்லாமல் மாற்றிவிடுவாள் என்பதுதான் அவருக்குத் தெரியாது.

கண் சரியானால் கடை அவருடையது. சரியாகாவிட்டால் மகன் ஆசிஃப் கல்லாவில் உட்காருவான், தான் ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்து வருகிறவர்களிடம் வெயிலைப் பற்றிப் பேச வேண்டியதுதான். அந்த நாற்காலியை நினைத்தாலே பாய்க்கு வியர்த்தது.

இந்த நேரத்தில்தான் மருமகள் ஆஃப்ரீன் இரண்டு கண்ணாடி ஜாடிகளைக் கொண்டுவந்து கல்லா மேசை மேல் வைத்தாள். தேனாம்பேட்டையில் ஒரு அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். இடது ஜாடியில் தொண்ணூறு கறுப்பு பட்டன்கள். வலது ஜாடி காலி.

"என்னம்மா இது, புதுச் சரக்கா?"

"இல்ல மாமா. நீங்க நடந்துட்டு வந்ததும் இந்த ஜாடியிலேர்ந்து ஒரு பட்டனை எடுத்து அந்த ஜாடியில போடுங்க. அவ்வளவுதான். எங்க ஆபீஸ்ல ஒருத்தர் இப்படிச் செஞ்சு சிகரெட்டையே விட்டுட்டார். கண்ணு முன்னால ஏறுறது தெரிஞ்சா விட மனசு வராது."

"இதுல உனக்கு என்ன?"

"எனக்கு என்ன மாமா? ஒண்ணுமில்ல."

ஒன்றுமில்லை என்று சொல்லி ஒரு பொருளைக் கொடுப்பவர்களை பாய் தன் வாழ்நாளில் நிறையப் பார்த்திருக்கிறார். சூரத்திலிருந்து வந்த ஏஜென்டு ஒருவன் இப்படித்தான் ஒன்றுமில்லை என்று சொல்லி இரண்டு பண்டல் சாயம் போகிற துணியைத் தலையில் கட்டிவிட்டுப் போனான். பாய் ஜாடியைத் தட்டிப் பார்த்தார். மூடியைத் திறந்து முகர்ந்தார். சந்தேகப்பட ஒன்றும் கிடைக்காததே அவருக்குப் பெரிய சந்தேகமாக இருந்தது.

இருந்தும் நடந்தார். விடியற்காலை சுபுஹு தொழுகை முடிந்ததும் நடேசன் பூங்காவுக்குப் போய், மூச்சு வாங்க வாங்க சுற்றிவிட்டு வந்து, கடை ஷட்டரைத் தூக்கியதும் முதல் வேலையாக ஒரு பட்டனை மாற்றிப் போட்டார். அது ஜாடியின் அடியில் விழுந்து 'டிங்' என்றது. முதல் போணி விழுந்த சத்தம் மாதிரி இருந்தது. மறுநாள் அந்த 'டிங்'குக்காகவே நடந்தார் என்றுகூடச் சொல்லலாம். வீடு கடைக்கு மேலேயே இருந்ததால் சத்தம் மாடிவரை கேட்டது. மனைவி அன்வரி பேகம் சர்க்கரை போடாத டீயைக் கீழே இறக்கிக் கொண்டுவருவாள்.

"என்னாங்க, முகமெல்லாம் பளபளன்னு இருக்கு?"

"வியர்வைடி அது."

மூன்றாவது வாரத்தில் கணக்கு இடித்தது. பாய் எதையும் எழுதி வைப்பவர் அல்ல. மனதிலேயே கூட்டி மனதிலேயே கழிப்பவர். மனக்கணக்குப்படி வலது ஜாடியில் பதினேழு பட்டன்கள் இருக்க வேண்டும். தட்டில் கொட்டி எண்ணினார். பத்தொன்பது. இடது ஜாடியில் அதே அளவு குறைந்திருந்தது.

கல்லாவில் பணம் குறைந்தால் பாய் பதற மாட்டார். ஒன்று மறதி, அல்லது திருட்டு. இரண்டுக்கும் வழி உண்டு. பணம் கூடினால்தான் கல்லாவை மூன்று முறை கொட்டி எண்ணுவார். கேட்காமல் ஒருத்தன் கொடுக்கிறான் என்றால், பதிலுக்கு என்ன வாங்கப் போகிறான் என்பதை இன்னும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

"பாரதி, இந்த ஜாடியை யாராவது தொட்டாங்களா?"

"நான் இன்னாத்துக்கு பாய் தொடப் போறேன்? எனக்கு இன்னா, பட்டனுக்கா பஞ்சம்? பின்னாடி நாலு மூட்டை கீது." ஜெயபாரதி கொக்கி அட்டைகளை அடுக்கியபடியே சொன்னாள். முகத்தைத் திருப்பவே இல்லை. பாய் அதையும் மனதில் குறித்துக்கொண்டார்.

கேட்காமல் வந்த சரக்கைத் திருப்பி அனுப்ப முகவரி தெரியவில்லை. அப்போது என்ன செய்வது? அடுத்த பில்லில் கழித்துக்கொள்வது. மூன்று தலைமுறையாகத் துணிக்கடை நடத்தும் குடும்பத்துக்கு இது சொல்லிக்கொடுக்க வேண்டிய விஷயமா? இரண்டு பட்டன் கூடியிருந்ததா, பாய் இரண்டு நாள் நடக்கவில்லை. சுபுஹு முடிந்து வந்து போர்வையை இழுத்துக்கொண்டார். கணக்கு நேராகிவிட்டது. சர்க்கரையும் அப்படியே நேராகிவிட்டதா என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை.

அடுத்த வாரமும் பட்டன் கூடியது. பாய் கழித்தார். அதற்கடுத்த வாரம் இன்னும் கூடியது. இன்னும் கழித்தார். சில நாட்களில் எண்ணிப் பார்த்தால், கூடியிருக்க வேண்டியது கூடாமல் ஒன்று குறைந்தும் இருந்தது. அது அவரை மேலும் குழப்பியது. போடுகிறவன் சில சமயம் எடுக்கவும் செய்கிறான் என்றால் அவன் சாதாரண ஆள் இல்லை. கணக்கு தெரிந்த ஆள்.

கணக்கு தெரிந்த ஆள் என்றதும் ஆஃப்ரீன் நினைவுக்கு வந்தாள். ஜாடி அவள் யோசனை. நடக்கவில்லை என்றால் ஆப்ரேஷன் தள்ளிப்போகும். நடந்தது போலக் காட்டினால் சீக்கிரம் ஆகும். சீக்கிரம் ஆனால் யாருக்கு லாபம்? ஒரு மத்தியானம், மாடிப்படியில் நின்று ஆசிஃப் போனில் பேசுவது காதில் விழுந்தது.

"ஆப்ரேஷன் ஆனா அத்தா ஒரு மாசம் கடைக்கு வர மாட்டாரு ஆஃப்ரீன். அந்த கேப்புல கடை லைட்டையெல்லாம் மாத்திடலாம்."

இன்றைக்கு லைட்டை மாற்றுவார்கள். நாளைக்கு ரேக்கை மாற்றுவார்கள். அடுத்த நாள் பெயர்ப் பலகை. அதன் பிறகு அந்த ஓரத்து நாற்காலி. பாய் படியிலிருந்து சத்தம் போடாமல் இறங்கினார். மறுநாள் காலை நடேசன் பூங்கா வாசல் டீக்கடையில் இரண்டு டீ குடித்தார். ஸ்ட்ராங்காக, சர்க்கரையோடு. பூங்காவுக்குள் போய் பெஞ்சில் உட்கார்ந்து எழுந்து வந்தார். பூங்காவுக்குப் போனது உண்மைதானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டு ஒரு பட்டனையும் மாற்றிப் போட்டார்.

ஆளைப் பிடிக்க பாய் ஒரு பொறி வைத்தார். மூன்றாவது தட்டில் கருநீல பட்டன் டப்பா இருந்தது. ஒருநாள் கடை மூடுமுன் இடது ஜாடியில் இருந்த கறுப்பு பட்டன்களைக் கொட்டிவிட்டு, அதே எண்ணிக்கையில் கருநீலத்தைப் போட்டு வைத்தார். தன் பங்குக்குப் போட ஒரு கறுப்பு பட்டனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இனி வலது ஜாடியில் நீலம் தென்பட்டால் அது திருட்டுக் கை போட்டது.

மறுநாள் ஆஃப்ரீனுக்கு லீவு. மயிலாப்பூரிலிருந்து சுப்புலக்ஷ்மி மாமி ஒரு அரக்குப் புடவையோடு வந்து உட்கார்ந்திருந்தாள். பாய் தட்டுப் பக்கம் திரும்பித் துணி தேடியபோது, துணியைத் தோளில் போட்டுப் பார்ப்பதற்காகச் சுவரில் மாட்டியிருந்த கண்ணாடியில் ஒரு கை தெரிந்தது. வலது ஜாடிக்குள்ளிருந்து வெளியே வரும் கை. ஆஃப்ரீனின் கை.

பாய் பாய்ந்து வந்தார். ஜாடியின் மேலாக இருந்த பட்டனை எடுத்தார். வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். ஒரு முடிவோடு திரும்பி வந்தார்.

"ஒண்ணுமில்லைன்னு சொன்னியேம்மா! இதோ நீலம். நான் போடுறது கறுப்பு. இந்த நீலத்தை யார் போட்டாங்க?"

"நான் எதுவும் போடலை மாமா." ஆஃப்ரீனின் கை மூடியே இருந்தது.

"என் கண்ணால பார்த்தேன். என்னைச் சீக்கிரம் ஆஸ்பத்திரியில படுக்கப் போட்டுட்டு கடையை ஆளப் பார்க்கறீங்களா? பாரதி, நீ சாட்சி. மாமி, நீங்களும்தான். வெளியாள் சொன்னாத்தான் எடுபடும். இது என்ன கலரு, சொல்லுங்க."

சுப்புலக்ஷ்மி மாமி மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பட்டனை வாங்கினாள். "பாய், எனக்கு வழக்குக்குத் தீர்ப்பு சொல்லத் தெரியாது. ஆனா இது கறுப்பு. எங்காத்துல பேத்தியோட யூனிஃபார்ம் நேவி ப்ளூ. தினம் நான்தான் இஸ்திரி போடறேன். நேக்குத் தெரியாதா?"

"மாமி, நல்லாப் பாருங்க. அந்த ஜாடியைப் பாருங்க. அது முழுக்க நீலம்."

"அதுவும் கறுப்புதான் பாய்," என்றாள் ஜெயபாரதி மெதுவாக. "நேவி டப்பா போன மாசமே நாலாவது தட்டுக்குப் போய்ட்ச்சி. மூணாவதுல நீங்க எடுத்தது கறுப்பு டப்பா."

மாமி பட்டனை மேசையில் வைத்தாள். சங்கடத்தில் எதையாவது பேச வேண்டுமே என்று பேசினாள்.

"போன தடவை நீங்க குடுத்த அரக்கு ரவிக்கைத் துணிகூட, ஆத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தா பிரவுனா இருந்தது. அன்னிக்கு பாரதி லீவு போலிருக்குன்னு நெனச்சுண்டேன்."

பாய் ஜெயபாரதியைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

"எவ்வளவு நாளா தெரியும்?"

"ஒரு வருசமா தெரியும் பாய். இன்னாத்துக்கு சொல்லணும்? கஸ்டமருக்கு சரியாத்தானே போய்க்கினு இருந்துச்சு."

மாமிக்கு ஜெயபாரதியே துணி எடுத்துக் கொடுத்தாள். பாய் பணம் வாங்கிப் போட்டார், ரூபாய் நோட்டைக்கூட இரண்டு முறை திருப்பிப் பார்த்தார்.

தொண்ணூறாவது நாள் பாய் ரத்தம் கொடுத்தார். முடிவு வந்ததும் டாக்டர் அனுப்ரியா தாளைப் பார்த்தார், பாயைப் பார்த்தார்.

"ஒன்பது புள்ளி நாலு. கொஞ்சம் இறங்கியிருக்கு. ஆனா போதாது. தினமும் நடந்தீங்களா?"

அன்வரி பேகம் கைப்பையைத் திறந்து, துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்த வலது ஜாடியை எடுத்து டாக்டரின் மேசையில் வைத்தாள். "நீங்களே பாருங்க டாக்டரம்மா. ஜாடி நிறையப் போகுது. இதைப் பார்த்து ஒரு தேதி குடுங்களேன்."

டாக்டர் ஜாடியை மெல்ல ஆட்டிப் பார்த்தார். "ரத்தத்துக்கு பட்டன் தெரியாதும்மா. இன்னும் மூணு மாசம். அதுக்குள்ளயாவது கீழ வரணும். இதுக்கு மேல தள்ளிப் போடறது கண்ணுக்கு நல்லதில்ல."

பாய் ஆட்டோ ஏறினார். ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு மனைவியின் கையையே பார்த்துக்கொண்டு வந்தார். நாற்பது வருடமாக அந்தக் கை அவருக்குச் சோறு போட்டது. நிறைந்த ஜாடியைத் தூக்கிக்கொண்டு பேரம் பேசப் போனதும் அந்தக் கைதான்.

வெள்ளிக்கிழமை காலை, கடை திறக்கும் முன், எல்லோரையும் கல்லா மேசையைச் சுற்றி நிற்க வைத்தார். வலது ஜாடியைத் தட்டில் கவிழ்த்தார். எண்ணினால் எழுபத்தொன்று.

"யாரையும் திட்ட மாட்டேன். அல்லா மேல ஆணை. யார் யார் எவ்வளவு போட்டீங்க, அதை மட்டும் சொல்லுங்க. பங்குதாரங்க கணக்கு முடிக்கற மாதிரி முடிச்சுடுவோம்."

முதலில் பேசியது ஜெயபாரதிதான்.

"எட்டு பாய். பட்டன் ஏறினா நீங்க கஸ்டமர்கிட்ட சிரிச்சுப் பேசுறீங்க. ஏறலைன்னா என் மேல எரிஞ்சு விழுறீங்க. எனக்கு வேற வழி தெரியல."

பாய் எட்டு பட்டன்களை விரலால் ஒதுக்கினார்.

"பதினொண்ணு," என்றான் ஆசிஃப். "மழை பேஞ்ச அன்னிக்கு நீங்க ஜாடியவே பார்த்துக்கினு நின்னீங்க அத்தா. ஒருநாள் விட்டுப்போனா மொத்தமா விட்டுடுவீங்கன்னு பயமா இருந்துச்சு."

"லைட்டு மாத்தறது?"

"வெள்ளை லைட்டு போட்டா கலர் உங்களுக்கு நல்லாத் தெரியும்னு ஆஃப்ரீன் சொன்னா. அதான்."

பாய் பதினொன்றை ஒதுக்கினார். கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டு ஒதுக்கினார். பிறகு மனைவி பக்கம் திரும்பினார்.

"பதினேழு," என்றாள் அன்வரி பேகம். "எத்தனை சாம்பிள் காட்டி எத்தனை பேர்கிட்ட ஆர்டர் வாங்கியிருக்கோம் நாம. டாக்டரம்மாகிட்டயும் நடக்கும்னு நினைச்சேன். உங்க கண்ணு போயிட்டா நீங்க யார்னு எனக்கே தெரியாமப் போயிடும்ங்க."

"நீ போட்ட ஒவ்வொண்ணுக்கும் நான் என்ன செஞ்சேன் தெரியுமா?"

"என்ன?"

"யாரோ அதிகமா போட்டிருக்காங்கன்னு சொல்லி ஒருநாள் நடக்காம கழிச்சேன்."

அன்வரி பேகம் வாயைப் பொத்திக்கொண்டாள். "யா அல்லா! அப்போ என் பதினேழும்?"

"தூங்கினேன்."

ஆசிஃபுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து இருமினான். பாய் அவனை முறைக்கவில்லை. ஆஃப்ரீனைத்தான் பார்த்தார். அவளாகவே சொன்னாள்.

"நான் போடலை மாமா. எடுத்தேன். அஞ்சு."

"எடுத்தியா?"

"விடிகாலை ஷிஃப்ட்டுக்கு ஆபீஸ் போற வழியில, வெங்கட்நாராயணா ரோட்டுல ஸ்கூட்டியில போறப்போ பார்ப்பேன். டீக்கடையில டீ குடிச்சுக்கிட்டு இருப்பீங்க. சாயங்காலம் கடைக்கு வந்து பார்த்தா பட்டன் ஏறியிருக்கும். பொய்யா ஏறினதை எடுத்து இடது ஜாடியிலேயே போட்டுட்டேன். அன்னிக்கு என் கையில மூடி வெச்சிருந்தது முந்தின நாள் பொய்தான். மாமி முன்னாடி சொன்னா உங்களுக்குக் குறைச்சல்னு சொல்லலை."

பாய் நாற்காலியில் உட்கார்ந்தார். இந்த வீட்டில், இந்தக் கடையில், அவரையும் சேர்த்து எல்லோரும் சரக்கை ஏற்றிக் காட்டியபோது ஒருத்தி மட்டும் நிறுத்துப் பார்த்திருக்கிறாள். அவளைத்தான் அவர் வெளியாள் முன்னால் நிற்க வைத்துக் கேள்வி கேட்டார்.

"மன்னிச்சிடும்மா," என்றார். "நான் சந்தேகப்பட்டது சரிதான். ஆளைத்தான் தப்பாப் பிடிச்சேன்."

"பரவாயில்ல மாமா. எனக்கும் உங்க மேல சந்தேகம்தானே."

இரண்டு ஜாடிகளையும் அவள் பக்கம் நகர்த்தினார். "இனிமே இது உன் பொறுப்பு. நான் நடந்துட்டு வந்து உன்கிட்ட சொல்றேன். நம்பினா போடு. நம்பலைன்னா போடாதே. வேற யார் கை வெச்சாலும் விரலை ஒடி."

ஆசிஃப் தட்டின் மேல் குனிந்து மிச்சத்தை எண்ணினான். "எழுபத்தொண்ணுல எட்டு, பதினொண்ணு, பதினேழு போனா, முப்பத்தஞ்சு நிக்குது அத்தா. அந்த அஞ்சு பொய்யை ஆஃப்ரீன் அப்பவே எடுத்துட்டா."

பாய் தட்டைத் தன் பக்கம் இழுத்தார். குனிந்து பார்த்தார். பார்த்தால் பட்டன்கள் எல்லாம் ஒரே புகை மூட்டமாகத் தெரிந்தன. விரலால் தடவி இரண்டை எடுத்து இடது ஜாடிக்குள் போட்டார்.

"ஏங்க அது?" என்றாள் அன்வரி பேகம்.

"ஆஃப்ரீன் லீவுல இருந்த ரெண்டு நாள். அன்னிக்கும் டீதான் குடிச்சேன்."

ஜெயபாரதி ஷட்டரைத் தூக்கப் போனாள். பாய் தட்டில் மீந்ததை ஒவ்வொன்றாக வலது ஜாடியில் போட்டார், ஆஃப்ரீன் உரக்க எண்ணினாள். கேட்கப்பட்டது தொண்ணூறு. நடந்தது முப்பத்து மூன்று. பாக்கி ஐம்பத்தேழு.